ருசி பார்க்காத ஒபாட்ஸ்டா

கார்ஹிங்,
சனிக்கிழமை பின்னேரம்.

லைப்சிக் மாநகரில் பெட்டி தூக்கிப் பிழைக்கும் என் ஒரே மருமகன் நிதுசனுக்கு, உன் தாய்மாமன் உருத்திரமூர்த்தி எழுதிக்கொள்வது. ‘அன்புள்ள’ என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கோபத்தில் அந்தச் சொல் வர மறுத்துவிட்டது. கடிதம் முடிவதற்குள் வந்தால் கடைசியில் சேர்த்துவிடுகிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது காகிதத்தில் கடிதம் எழுதுவார்களா என்று நீ கேட்பாய். எழுத மாட்டார்கள். ஆனால் இந்தக் காலத்தில் எந்த மருமகனும் தாய்மாமனை வாட்ஸ்அப்பில் புளொக் பண்ணவும் மாட்டான். நான் அனுப்பியது சில குரல்பதிவுகள் மட்டுமே. அவற்றில் ஒன்று கொஞ்சம் நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உன் மாமி பவளம் அது ஓடி முடிவதற்குள் இடியப்பம் அவித்து, கறி வைத்து, பாத்திரமும் கழுவிவிட்டாள். அதற்காக ஒரு மனிதனை உலகத்தை விட்டே நீக்குவதா? கார்ஹிங் பல்கலைக்கழகத்தின் திறப்புகள் எல்லாம் என் இடுப்பில் தொங்குகின்றன. அணுவைப் பிளக்கிற பேராசிரியர்கள் கதவு பூட்டிக்கொண்டால் என் முன்னால் கைகட்டி நிற்கிறார்கள். அப்படிப்பட்ட எனக்கு உன் தொலைபேசிக்குள் நுழைய வழியில்லை. பரவாயில்லை. தபால்காரனை நீ புளொக் பண்ண ஏலாது.

நீ செய்த வேலையை உனக்கே திருப்பிச் சொல்லப்போகிறேன். சொன்னால்தான் என் வயிறு ஆறும். கிட்டத்தட்ட மூன்று வருடம் சமையல்காரனுக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படித்தாய். கடைசிச் சோதனை அடுத்த மாதம். அது முடிந்தால் கையில் பத்திரம். ஜெர்மனி முழுக்க எந்தக் குசினிக்குள்ளும் ராஜா மாதிரி நுழையலாம். அந்த நேரம் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உன் ஷெஃப் அய்க்னர் நீ செய்த ஒபாட்ஸ்டாவை ஒரு வாய் வைத்துவிட்டுச் சட்டியோடு குப்பைத் தொட்டிக்குள் கவிழ்த்தார் என்று, ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நீ வெளியே நடந்தாய். வீட்டுக்கு வந்து உன் தாயிடம் சொன்னது ஒரே ஒரு வசனம்: “அங்க இனிப் போகமாட்டன், அந்தாள் எங்கட ஆக்களைப் பற்றிக் கதைச்சிட்டார்.” மறுநாள் காலை ரயில் ஏறி உன் கூட்டாளி பிரதாப்பின் அறைக்குப் போய் ஒண்டிக்கொண்டாய். இப்போது ஏதோ களஞ்சியத்தில் பார்சல் அடுக்குகிறாயாம். பன்றி வறுவலுக்கு மேல்தோல் மொறுமொறுக்க வைக்கிற கை, காலணிப் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறது. இதைக் கேட்ட அன்று பவேரியாவின் மலைகள் எல்லாம் ஒருமுறை குனிந்து அழுதன. நான் யன்னலால் பார்த்தேன்.

ஆனால் இந்தக் கோபத்தில் உனக்குக் கால்வாசிதான். மிச்சம் முழுவதும் அந்த அய்க்னருக்கு. என்ன மனிதன் அவன்? ஒபாட்ஸ்டா என்பது என்ன, மகாகாவியமா? நன்றாகப் பழுத்த கமம்பேர் சீஸை எடுக்கிறார்கள், வெண்ணெய் சேர்க்கிறார்கள், முள்ளுக்கரண்டியால் மசிக்கிறார்கள், மிளகாய்த்தூள் என்ற பெயரில் உறைப்பே இல்லாத ஒரு சிவப்புத் தூளைத் தூவுகிறார்கள், வெங்காயம் போடுகிறார்கள், பாணிலோ ப்ரெட்ஸலிலோ பூசித் தின்கிறார்கள். அடுப்பே மூட்டத் தேவையில்லாத ஒரு பண்டத்தில் பிழை விட ஒருவனால் எப்படி முடியும்? பல்லில்லாத பிள்ளையிடம் கொடுத்தாலும் மசித்துவிடும். ஆகவே பிழை சீஸில் இல்லை. பிழை அந்த ஆளின் மனதில். உன் கையால் செய்ததனால்தான் அவருக்கு அது தொண்டைக்குள் இறங்கவில்லை. இதுதான் என் தீர்ப்பு.

வீட்டு நிலைமை. உன் தந்தை ஸ்ரீஸ்கந்தராஜா வழமைபோல வாய் திறப்பதில்லை. வருடத்துக்கு இரண்டு வசனம் பேசுகிற மனிதர், இந்த வருடத்துக்கு உரியதை இன்னும் தொடவே இல்லை. உன் தாய் கமலநாயகியைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம் என்று அவள் என்னிடம் கேட்டுக்கொண்டாள். ஆகவே உன்னோடு சேர்ந்து தானும் பிடித்த விரதத்தை அவள் இன்னும் முடிக்கவில்லை என்பதை நான் எழுதவில்லை. ஒரு நேரம்தான் சாப்பிடுகிறாள் என்பதையும், சர்க்கரை வருத்தத்தோடு இது விசர்வேலை என்று டொக்டர் பேசியதையும், “பிள்ளை திரும்பி வரட்டும், அதுக்குப் பிறகு பாப்பம் அண்ணை” என்று அவள் சொன்னதையும்கூட எழுதவில்லை. நான் சொன்ன சொல் காப்பவன்.

உன் சோதனைக்காக அவள் வைத்த நேர்த்தி உனக்குத் தெரியும். தேர்த் திருவிழா வரைக்கும் நீ விரதம் இருந்து, ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோயிலில் காவடி எடுக்க வேண்டும் என்பது. நீயும் அந்த இறைச்சிக் கடலுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரு துளி வாயில் படாமல் விரதம் பிடித்தாய். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. இந்த நாட்டில் பிறந்த பெடியன் ஒருவன் பன்றிக்கும் பியருக்கும் இடையில் முனிவர் மாதிரி நின்றான் என்று நான் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் தேருக்கு நீ வரவில்லை. காவடி கோயில் வாசலில் சும்மா கிடந்தது. பார்க்கச் சகிக்காமல் நான் தூக்கிவிட்டேன். இந்த வயிற்றோடும் இந்த முழங்காலோடும் நான் ஆடி வந்ததைக் கண்டு வாய்க்கால் கரையில் நின்ற வாத்துகள் தண்ணீரை விட்டு வெளியேறின. இதை நன்றிக்காகச் சொல்லவில்லை. தோள்மூட்டு வலிக்கிறது, அதற்காகச் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த அய்க்னருக்கு ஒரு பாடம் புகட்டுவது என்று முடிவெடுத்து, நானே இன்று ஒபாட்ஸ்டா செய்திருக்கிறேன். உன் தாயின் குசினி விரதக் குசினி, பியர்ப் போத்தலோடு உள்ளே கால் வைக்க ஏலாது. ஆகவே எங்கள் வீட்டில். யூடியூப்பில் தாடி வைத்த ஒரு பவேரியன் செய்து காட்டினான். பாதி பார்த்தேன். எனக்குப் பாதி போதும்.

நம்மவர்கள் கோயில் பொங்கலுக்குப் புக்கை கிண்டுகிற அந்தப் பெரிய கிடாரத்தை இறக்கினேன். மாமி கேட்டாள், “உதென்ன, ஊருக்கே கலியாணமோ? ரெண்டு பேருக்கு ருசி காட்ட ஒரு கோப்பை காணாதோ?” என்று. கோப்பையில் கொண்டுபோனால் பயந்து வந்திருக்கிறான் என்று எதிரி நினைப்பான் என்று விளக்கினேன். கடையில் இருந்த கமம்பேர் எல்லாவற்றையும் அள்ளினேன். அது நன்றாகப் பழுத்து, அமத்தினால் விரல் உள்ளே போக வேண்டும் என்று தாடிக்காரன் சொன்னான். பழுத்ததன் மணம் என்ன மணம்! ஊபான் ரயிலில் எனக்கு மட்டும் ஒரு பெட்டி முழுக்க இடம் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மாமி என்னையும் சீஸையும் சேர்த்து பல்கனிக்கு நாடு கடத்தினாள்.

அங்கேயே குந்தியிருந்து மசித்தேன். வெண்ணெய் இளகும்வரை வெயிலில் வைத்தேன். சிவப்புத் தூள், உப்பு, மிளகு. ஜெர்மன்காரனின் அந்தக் கோணல் சீரகத்தை லேசாக இடித்துப் போட்டேன். தளர்த்துவதற்கு ஒரு கை பியர், மிச்சம் தொழிலாளிக்கு. பிறகு வெங்காயம். நம் விசேஷங்களில் எல்லா வெட்டுவேலையும் முதல்நாளே முடிவதுதானே முறை? நாளை காலை அவதிப்படக் கூடாது என்று மாமி ஒரு மலை வெங்காயத்தைப் பொடிப்பொடியாக அரிந்து தந்தாள், தானும் சேர்ந்து இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டாள். வெங்காயத்துக்காக அல்ல என்று நினைக்கிறேன். அவ்வளவையும் போட்டுக் கிண்டி, மூடி, குளிர்சாதனப் பெட்டிக்குள் ஏற்றியாயிற்று. நிறம் பின்னேரச் சூரியன் மாதிரி. மன்னர்களுக்கு உரிய பதம்.

நாளை மத்தியானம் உன் தந்தையையும் கூட்டிக்கொண்டு நேரே உன் சாப்பாட்டுக்கடைக்குப் போகிறேன். வெள்ளித் தட்டத்தில் வைத்து, பக்கத்தில் வாழைப்பழம், வெற்றிலை, எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்து, முறைப்படி போகிறேன். சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோடு போகிற பரம்பரை இல்லை நாங்கள். அந்த மனிதன் ஒரு வாய் வைக்கட்டும். வைத்துவிட்டு, ஒரு தமிழன் கையால் ஒபாட்ஸ்டா வராது என்று என் முகத்துக்கு நேரே சொல்லட்டும். பார்க்கலாம்.

வெற்றிச் செய்தி பின்னால் வரும். நேரத்துக்குச் சாப்பிடு. பிரதாப்பிடம் அவன் அரிசியை நீயே முடிக்கிறாய் என்று நான் கவலைப்பட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத
மாமா உருத்திரமூர்த்தி


கார்ஹிங்,
புதன்கிழமை.

மருமகன் நிதுசனுக்கு,

உன் செய்தி நேற்று வந்தது. இத்தனை கிழமைக்குப் பிறகு என்னை விடுதலை செய்து நீ அனுப்பிய ஒரே ஒரு வரி: “மாமா, வெங்காயத்த முதல் நாளே போட்டனீங்களோ?”

அம்மா எப்படி இருக்கிறா இல்லை. மாமாவின் தோள்மூட்டு எப்படி இல்லை. வெங்காயம்! கிடாரம், காவடி, கண்ணீர் என்று பக்கம் பக்கமாக நான் எழுதியதில் உன் கண் போய் நின்ற இடம் வெங்காயம். முதலில் கோபத்தில் தொலைபேசியை வீசப் பார்த்தேன். பிறகு இன்னொரு தரம் வாசித்தேன். பார்சல் அடுக்குகிறவன் ஒருவன் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டான் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஆனாலும் உன் கேள்வி இரண்டு நாள் பிந்திவிட்டது. ஓம் மருமகனே, முதல் நாளே போட்டேன். நடந்ததைக் கேள்.

ஞாயிறு மத்தியானம் நானும் உன் தந்தையும் வேட்டி சால்வையோடு, தட்டமும் கிடாரமுமாக அந்தக் கடைக்குள் நுழைந்தோம். கடை நிறைய ஆட்கள். கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன. யாரோ ஒரு சாமியைக் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்து ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். உன் கடையில் பரிமாறுகிற பிள்ளை அஞ்சலா ஓடி வந்து, மெல்ல, “நிது எப்பிடி இருக்கிறான்?” என்றுதான் முதலில் கேட்டாள். அதைக் குறித்துக்கொள். நான் நெஞ்சை நிமிர்த்தி, அய்க்னரைக் கூப்பிடச் சொன்னேன்.

வந்தார். கதவு மாதிரி அகலம், முகம் முழுக்க மீசை. நான் வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்த முழக்கத்தை என் சிறந்த ஜெர்மனில் தொடங்கினேன். மரியாதைக்குரிய ஐயா, உங்கள் நாட்டின் பெருமைக்குரிய இந்தப் பண்டத்தை, எங்கள் குடும்பத்தின் மானத்தை முன்னிட்டு... அவ்வளவுதான். மனிதன் மிச்சத்தைக் கேட்கவில்லை. தட்டத்தைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த ப்ரெட்ஸலில் ஒரு துண்டைப் பிய்த்தார், தொட்டார், வாயில் வைத்தார்.

நிதுசன், நான் பல முகங்கள் கண்டவன். விமானம் ஆடும்போது ஆட்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த முகம் போன வழியை இதுவரை கண்டதில்லை. மீசை இரண்டு பக்கமும் தனித்தனியாக நடுங்கியது. விழுங்கினார், அதற்கு நான் அவரை மதிக்கிறேன். பிறகு கேட்டார். அவர் பேசியது பவேரியன், நான் அதை யாழ்ப்பாணத்தில் எழுதுகிறேன். “நீங்கள் இதை ருசி பாத்தனீங்களோ?”

இல்லை என்றேன். ஏன் பார்க்க வேண்டும்? இன்னொருவர் வீட்டுக்குத் தட்டத்தில் கொண்டுபோகிற பண்டத்தை வாய் வைத்து எச்சில் படுத்தலாமா? அது எந்த ஊர் வழக்கம்?

அய்க்னர் கதிரையை இழுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். “நீங்களுமா?” என்றார். “இது உங்கட பரம்பரை வருத்தமோ?”

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. இதோ பார் என்று சொல்லி நானே ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டேன். மருமகனே, வேப்பங்காய் சீனி. பாகற்காய் பாயசம். அப்படி ஒரு கைப்பு. நாக்கு உள்ளே ஓடி ஒளிந்தது. உன் தந்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் அள்ளிய கரண்டியைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்தார்.

அரிந்த வெங்காயத்தை சீஸோடு சேர்த்து ஓர் இரவு வைத்தால் இப்படித்தான் கைக்குமாம். கொண்டுபோய் மேசையில் வைக்கிற நேரம்தான் வெங்காயம் போட வேண்டுமாம். தாடிக்காரனும் வீடியோவின் மறுபாதியில் இதைத்தான் சொல்லியிருக்கிறான், பிறகு பார்த்தேன். அன்று சனத்திரளுக்கு முந்தி வேலையை முடித்து வைப்போம் என்று நீயும் சனிக்கிழமையே போட்டுவிட்டாயாம். அது பிழைதான், ஆனால் சின்னப் பிழை, பழக எடுக்கிற எல்லாரும் விடுகிற பிழை என்று அய்க்னரே சொன்னார். அவருடைய கோபம் வெங்காயத்தில் இல்லை.

அவர் கோபம் எதில் என்று கேட்டுக்கொள், நீ இதைக் கேட்காமல்தான் ரயில் ஏறினாய். கிழமைக் கணக்காக நீ எதையும் ருசி பார்க்கவில்லையாம். முன்பெல்லாம் கரண்டியும் கையுமாக நின்றவன், திடீரென்று சூப்பை மணந்து பார்த்து உப்பைப் போடுகிறானாம், சோஸின் நிறத்தைப் பார்த்து இறக்குகிறானாம். கேட்டால் “தேவையில்லை, சரியா இருக்கும்” என்கிறானாம். உன் மூக்கு அவ்வளவு நாளும் உன்னைக் காப்பாற்றியிருக்கிறது, அதற்கு நான் சிலை வைப்பேன். ஆனால் கைப்பு மூக்குக்குத் தெரியாதாம். அது நாக்குக்கு மட்டும்தான் தெரியுமாம். “வாயில வைக்காமல் சமைக்கிறவன் சமையல்காரன் இல்லை” என்றார். நீ ருசி பார்க்காததை அந்த மனிதர் எப்படி விளங்கிக்கொண்டார் தெரியுமா? உனக்குத் தங்கள் சாப்பாட்டில் அருவருப்பு என்று. மூன்று வருடம் தொழில் சொல்லிக் கொடுத்த பெடியன் தன் கைச்சாப்பாட்டை வாயில் வைக்க அருவருக்கிறான் என்று. அதை உள்ளே போட்டுப் புழுங்கிப் புழுங்கி, அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்களுக்கு முன்னால் கொட்டினாராம்: எங்கட சாப்பாட்டை வாயில வைக்க ஏலாத ஆக்களுக்கு எங்கட குசினியில என்ன வேலை?

‘எங்கட ஆக்கள்’ என்று உன் காதில் விழுந்தது இதுதான்.

நான் கதிரையில் இருந்து எழும்பினேன். விரதம் என்றால் என்ன, நேர்த்தி என்றால் என்ன, தாய்க்குப் பிள்ளை கொடுத்த வாக்கு என்றால் என்ன என்று விளக்கினேன். அன்றைக்கு என் வாயில் இருந்து வந்த ஜெர்மன், இந்த மொழி தோன்றிய காலத்தில் இருந்து எவரும் பேசாதது. இலக்கணம் எல்லாம் நடுங்கியது. ஆனால் அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது. மேசையில் ஓங்கி ஒரு குத்து, வாழைப்பழம் உருண்டு கீழே விழுந்தது. “நோன்பு எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே! எங்கட மடத்துச் சாமிமாரே நோன்புக்குப் பியர் குடிச்ச ஆக்கள், எனக்கு நோன்பு தெரியாதோ? நான் ருசி பாத்துச் சொல்லியிருப்பன்! எனக்கு ஒரு வாய் இருக்குத்தானே!” என்று கத்தினார். அந்த வாயைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை, பக்கத்து மேசைகளில் இருந்து எட்டிப் பார்த்தவர்களுக்கும் இருந்திருக்காது.

ஆனாலும் அவர் முழுக்க நம்பவில்லை. கொஞ்சம் ஆறிய பிறகு, குரலைத் தாழ்த்தி, “உண்மையைச் சொல்லுங்கோ, நோன்பு இல்லாத நாளில பெடியன் எங்கட சாப்பாடு சாப்பிடுவானோ?” என்று கேட்டார். பெரிய உடம்பு, ஆனால் கேட்ட குரல் சின்னது. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உன் தந்தை பேசினார்.

ஓம், உன் தந்தை. உடைந்த ஜெர்மனில், மேசையைப் பார்த்தபடி சொன்னார்: “லீவு நாளில மகன் எங்களுக்குச் சமைச்சுத் தாறது உங்கட சாப்பாடுதான். க்னோடல் உருண்டை எனக்கு முதல் பிடிக்காது. அவன் செய்யத் தொடங்கினாப் பிறகுதான் நான் சாப்பிடுறன்.”

அவ்வளவுதான். இந்த வருடத்துக்கு உரிய வசனம் முடிந்து, அடுத்த வருடத்திலும் கை வைத்தாயிற்று. அய்க்னர் எழுந்து உள்ளே போனார், வெகுநேரம் வரவில்லை. பொலிஸைக் கூப்பிடுகிறாரோ என்று நான் வாழைப்பழத்தைப் பொறுக்கி ஆயத்தமானேன். வந்தபோது கையில் ஒரு கிண்ணம், இரண்டு கமம்பேர், ஒரு வெங்காயம். எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டே மசித்தார், கடைசியாக வெங்காயத்தை அரிந்தார், ஒரு துண்டு பாணில் பூசி முதலில் உன் தந்தையிடம் நீட்டினார். மாமாவுக்கு இரண்டாவது. இதுவும் ஓர் அவமானம், கணக்கில் வைத்திருக்கிறேன். ருசி? அந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதே. மனிதனோடு நான் இன்னும் கோபம்.

ஓம், கோபம்தான். அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சந்தேகம் இருந்தால் பெடியனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும், ஊர் பார்க்க அவன் சாப்பாட்டைத் தொட்டியில் கவிழ்த்திருக்கக் கூடாது, ‘ஆக்கள்’ என்று எங்கள் எல்லாரையும் ஒரு சட்டிக்குள் போட்டிருக்கக் கூடாது. ஆட்களுக்கு முன்னால் சொன்னதை ஆட்களுக்கு முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்றேன். அவருடைய கழுத்து சிவப்புத் தூள் மாதிரி ஆகிவிட்டது. அஞ்சலா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் “பஸ்ட்” என்றார், ‘சரி’ என்று அர்த்தம். பவேரியர்களிடம் மன்னிப்பு, நன்றி, அழுகை மூன்றுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது போல. என் கிடாரத்தில் மிச்சம் இருந்த ஒபாட்ஸ்டாவை நீ செய்தது போன அதே தொட்டிக்குள் தன் கையால் கவிழ்த்தார். இந்த முறை என்னிடம் அனுமதி கேட்டுவிட்டு. முன்னேற்றம்தான்.

இப்போது உன் முறை. டேய், அந்த மனிதன் வாயைத் திறந்து பேசத் தெரியாத ஆள், சரி. உனக்கு என்ன வந்தது? அவனுடைய மொழியில் பிறந்து வளர்ந்தவன் நீ. என்னைப்போல இலக்கணத்தோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. “அம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கிறன், தேர் முடியிற வரைக்கும் ருசி பாக்க மாட்டன்” என்று ஒரு வசனம். அதைச் சொல்ல வெட்கமா? சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தாயா? அந்தக் குசினியில் நீ உன் தாயை ஒளித்து வைத்துக்கொண்டு சமைத்திருக்கிறாய். பிறகு அந்த ஆள் உன்னைப் பிழையாக விளங்கினார் என்று கோபித்தால் எப்படி? என் கோபத்தில் உனக்குக் கால்வாசி என்று போன கடிதத்தில் எழுதினேன். இப்போது பாதிக்குப் பாதி பங்கு பிரித்திருக்கிறேன்.

உன் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். தன் நேர்த்தியால்தான் பிள்ளை படிப்பை விட்டான் என்று இப்போது அவளுக்கு வேறு விளக்கம் கிடைத்துவிட்டது. “நான்தானே அண்ணை வாயில ஒண்டும் வைக்காத எண்டு சொன்னனான்” என்று ஒரே புலம்பல். அம்மனுக்கு இதில் ஒரு கோபமும் இல்லை, அம்மனுக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன். கேட்கிற சாதி இல்லை. அவளை என்னால் வெல்ல ஏலாது. ஒரே ஒருவனால்தான் ஏலும். அவன் லைப்சிக்கில் பெட்டி அடுக்குகிறான்.

சோதனைக்கு உன் பெயர் இன்னும் இருக்கிறது. நீ லீவில் நிற்பதாகத்தான் அய்க்னர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் ‘பஸ்ட்’ என்பார். நாங்கள் வெளிக்கிடும்போது வாசல் வரை வந்தார். பெடியனை இங்கே கூட்டிக்கொண்டு வரட்டுமா, நானும் தகப்பனும் முறையாக முன்னுக்கு வந்து விட்டுவிட்டுப் போகிறோம் என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார். “முன்கதவு விருந்தாளிகளுக்கு. அவன் இஞ்ச விருந்தாளி இல்லை. செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணிக்குப் பின்கதவு திறந்திருக்கும் எண்டு சொல்லுங்கோ. தன்ர சமையல் கத்தியைக் கொண்டு வரட்டும்” என்றார்.

இந்த நாட்டில் இத்தனை வருடமாக எத்தனையோ முன்கதவால் நான் நுழைந்திருக்கிறேன் மருமகனே. புன்னகையோடு வரவேற்று, கதிரை தந்து, எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டு, எப்போது போவீர்கள் என்று கேட்காமல் பார்ப்பார்கள். பின்கதவால் வா என்று ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். போ.

வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வா. விடியலிலேயே உன் தாய் சமைக்கத் தொடங்கிவிடுவாள். நீ முதல் வாய் வைத்தால்தான் அவளும் தனக்கென்று ஒரு கோப்பை எடுப்பாள். அதற்கு மேல் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

உன் கை கொழிக்கட்டும், உன் நாக்கு கூர்மையாகட்டும், உன் வாய் தேவையான இடத்தில் திறக்கட்டும். அம்பாள் உன்னைச் செவ்வாய்க்கிழமைக்குள் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அன்புள்ள (வந்துவிட்டது),
மாமா உருத்திரமூர்த்தி